கோங் எங்கே விழுகிறது

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு மாலை

அன்புள்ள ராசு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கைப்பேசியில் இரண்டு வரி தட்டிவிட்டால் போதும் என்று ஊரே இருக்கும்போது, நீ இன்னும் நீல மசியில் நான்கு பக்கம் எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறாய். முட்டிவலிக்கு நீ சொன்ன எண்ணெயை வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரி இரண்டு நாள் தேய்த்தாள். மூன்றாம் நாள் நாற்றம் தாங்கவில்லை என்று அலமாரியில் தள்ளிவிட்டாள். வலி என்னவோ குறைந்துவிட்டது. எண்ணெய்க்குப் பயந்து ஓடியிருக்கும்.

சரி, உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். போன மாதம் நீ அழைத்தபோது என் வீட்டில் டங்டுட் என்கிற இந்தோனேசியப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது சிரித்ததோடு நிற்காமல், '67 வயதில் கிராணிக்கு என்ன கேடு?' என்று குமாஸ்தாவான என்னைக் கடிதத்திலும் கேட்டிருக்கிறாய். பஜனைக் குழுவில் டோலக் அடித்தவன் கெட்டுப்போய்விட்டான் என்ற கவலை உனக்கு. எப்படிக் கெட்டேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இந்தோனேசியாவின் லொம்போக் தீவுக்காரர்கள் நான்கு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். நம் பழைய தோட்டத்தில்தான் வேலை. நீயும் நானும் பிறந்த லயங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. அந்தக் குலைகளைத்தான் இவர்கள் வெட்டுகிறார்கள். ஞாயிறு காலையில் துணி துவைக்கும்போது வாசலில் ஒலிபெருக்கியை வைத்துவிடுவார்கள். ஒரு நாள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். கேட்டருகே நின்று வாயைத் திறக்குமுன் என் விரல்கள் கேட்டின் இரும்புக் கம்பியில் தட்ட ஆரம்பித்துவிட்டன. கோபமாகப் போனவனின் கை தாளம் போட்டால் எதிரில் இருப்பவன் என்ன செய்வான்? சிரித்தான். "பாக்சிக், உங்களுக்கு அடிக்கத் தெரியுமா?" என்று மலாயில் கேட்டான். சோப்பு நுரை வழியும் கையாலேயே கவிழ்த்த வாளியில் தட்டிக் காட்டினான். நான்காம் அடியில் 'டுட்', அடுத்து வரும் முதல் அடியில் 'டங்'. தபேலாவின் ஓசைதான் இந்தப் பாட்டுக்கே பெயராகிவிட்டது.

மீதியைப் பேத்தியைத் தேடச் சொல்லித் தெரிந்துகொண்டேன். இந்தோனேசியாவின் பழைய மலாய் வாத்தியக் குழுக்கள் இந்திப் படப் பாட்டுகளை உள்வாங்கிக்கொண்டன. 1970களில் ரோமா இராமா என்ற பாடகர் அதில் ராக் கித்தாரைக் கலந்தார். ஆக, நம் தபேலா கடல் தாண்டிப் போய் வேறு வேலையில் சேர்ந்து, இப்போது லொம்போக் ஆட்களோடு நம் தோட்டத்துக்கே பிழைக்க வந்திருக்கிறது. சத்தத்தைக் குறைக்கச் சொல்ல மறந்தே போனேன். வீட்டுக்காரி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இப்போது உன்மேல் ஒரு குற்றச்சாட்டு. மூவாரில் 31 வருடமாகக் குடியிருக்கிறாய். ஜொகூர் கசல் என்ற பாட்டு வகை ஒன்று உன் ஊர்ப்பக்கம் வேரூன்றி வளர்ந்தது என்று உனக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் உன் ஆர்மோனியப் பெட்டி கட்டிலுக்கடியில் கிடக்காது. அதில் ஆர்மோனியத்துக்குத்தான் முதல் மரியாதை. கூடவே தபேலா, வயலின், காம்புஸ் என்ற அரபு வழி நரம்பு வாத்தியம். பாடுவது உருதுக் கவிதை அல்ல, மலாய்ப் பந்துன். நான்கு அடியில் முதல் இரண்டு அடி மரம், பறவை, ஆறு என்று எங்கோ போகும். பின் இரண்டு அடியில்தான் விஷயம் இருக்கும். என் அம்மா ரப்பர் பால் வெட்டிக்கொண்டே பாடிய தெம்மாங்கிலும் இப்படித்தான், முதல் அடிக்கும் அடுத்த அடிக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். பாடகர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் ஆர்மோனியம் குறுக்கே புகுந்து நெளிந்துவிட்டுப் போகிறது. பஜனையில் நீ அப்படிச் செய்துதான் பெரியவரிடம் திட்டு வாங்குவாய். அங்கே அதற்குக் கைதட்டுகிறார்கள், ராசு.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் கேட்டு, 'நமக்கு எல்லா இசையும் ரசிக்க வந்துவிட்டது' என்று நான் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். உண்மையில் நான் செய்துகொண்டிருந்தது, தெரியாத கல்யாண வீட்டில் சொந்தக்காரன் முகத்தையே தேடுகிற வேலை. தபேலா கிடைத்தது, சந்தோஷம். ஆர்மோனியம் கிடைத்தது, சந்தோஷம். சொந்தக்காரன் எவனும் இல்லாத ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டபோதுதான் என் லட்சணம் தெரிந்தது.

மூத்த பேத்தி இரண்டாம் படிவம் படிக்கிறாள். பள்ளியில் கெமெலான் என்ற வெண்கல வாத்தியக் குழு இருக்கிறது, அதில் சேர்ந்துவிட்டாள். பரதநாட்டிய வகுப்புக்குப் போவாள் என்று பார்த்தால் வெண்கலத்தைத் தட்டப் போகிறாளே என்று என் மகளுக்கு வருத்தம். பரிசளிப்பு விழாவுக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். முன்னால் வரிசையாக வெண்கலக் கட்டைகள், கவிழ்த்த கிண்ணங்கள் போன்ற குமிழ்க் கோங்குகள், பின்னால் மரச்சட்டத்தில் தொங்கும் பெரிய கோங். ஆரம்பித்தார்கள். எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. சுருதி எது என்று தேடினேன், இல்லை. ஐந்து சுரம்தான் கேட்கிறது, ஆகவே மோகனம் என்று முடிவு கட்டினேன். அடுத்த கணமே அந்த மோகனம் நொண்டுகிறது. பக்கத்திலிருந்த மகளிடம், "சுருதி சேர்க்காமல் வாசிக்கிறார்கள்" என்று முணுமுணுத்தேன். மாலை போட்டு மரியாதை செய்ய வந்த தாத்தா பேசுகிற பேச்சா அது?

தாளமாவது பிடிபடுமா என்று தொடையில் ஆதி தாளம் போட்டேன். கோங் விழுவதுதான் சமம், ஒன்று, என்று வைத்துக்கொண்டு எண்ணினேன். எண்ணிக்கை தவறவில்லை. ஆனால் மெட்டு ஒவ்வொரு முறையும் பாதியில் வெட்டுப்பட்டதுபோல் கேட்டது. வீட்டுக்கு வந்து பேத்தியிடம் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் ஆறு கரண்டிகளை வரிசையாக அடுக்கினாள். வலக்கையில் மரக்கரண்டி. ஒரு கரண்டியைத் தட்டினாள். அடுத்ததைத் தட்டும் அதே நொடியில் இடக்கை விரல்கள் முதல் கரண்டியைப் பிடித்து ஓசையை அடக்கின. தட்டும் கை முன்னால் போக, அடக்கும் கை ஓரடி பின்னாலேயே போகிறது. அப்படிச் செய்யாவிட்டால் எல்லா ஓசையும் ஒன்றோடொன்று கலந்து குழம்பாகிவிடுமாம். நான் செய்து பார்த்தேன். 50 வருடம் டோலக் அடித்த கை, ராசு, இடக்கை மறந்துபோய் விழித்தது. அடிப்பதுதான் வித்தை என்று இருந்துவிட்டேன். அடக்குவது பாதி வேலை என்று 14 வயதுப் பெண் சொல்லிக்கொடுக்கிறாள்.

பிறகு எண்ணிக்கைக்கு வந்தாள். "தாத்தா, ஒன்றில் உட்காராதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று லேசாகப் போய், நான்கில் அழுத்துங்கள். பதினாறில் கோங்." அவ்வளவுதான். பனம்பழம் விழுந்ததுபோல் இருந்தது எனக்கு. நாம் பாரத்தை முதலில் இறக்கிவைத்துவிட்டு நடப்பவர்கள். அவர்கள் சுமந்துகொண்டே வந்து கடைசியில் இறக்குகிறார்கள். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறதே, அதுபோல. 'அவன் நேற்று மழையில் நனைந்துகொண்டே கடைக்கு' என்று நிறுத்தினால் போனானா, போகவில்லையா என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் வரும் சொல்லை முதல் சொல்லாக வைத்துப் படித்துவிட்டு, எழுதியவனுக்கு இலக்கணம் தெரியவில்லை என்று நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

சுருதி விவகாரமும் அப்படித்தான். ஒரு கெமெலான் தொகுதி தனக்குள்தான் சுருதி சேர்ந்திருக்கும். இந்தப் பள்ளியின் கட்டையைக் கொண்டுபோய் இன்னொரு பள்ளியின் தொகுதியில் வைத்தால் ஒட்டாது. 'நாலு கட்டையில் பாடு, ஐந்து கட்டையில் பாடு' என்று நம் பெட்டியை வைத்து உலகத்தையே அளந்தோமே, அந்த அளவுகோல் அங்கே செல்லாது. 1889இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஜாவாக்காரர்கள் வாசித்ததைக் கேட்டு டெபுஸ்ஸி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் மயங்கிப்போனாராம். அவர் கடல் கடந்து வந்ததைக் கேட்டார். எனக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதைக் கேட்க 67 வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது அதே பாட்டின் பதிவைப் பேத்தி என் கைப்பேசியில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு தடவை கோங்கை மட்டும் கேட்கிறேன், மறு தடவை சாரோன் என்ற அந்த வெண்கலக் கட்டை வாத்தியத்தில் ஒன்றை மட்டும் பின்தொடர்கிறேன். பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு அந்த நொண்டி மோகனம் நொண்டுவதை நிறுத்திவிட்டது. அது மோகனமே அல்ல என்று காதுக்கு உறைத்திருக்க வேண்டும்.

உனக்கு ஏழாம் மாதச் சீனக் கூத்து நினைவிருக்கிறதா? டவுனில் கொட்டகை போட்டிருந்தார்கள். முன்வரிசை முழுக்கக் காலி நாற்காலி. நமக்கென்றே போட்டு வைத்ததுபோல் நீயும் நானும் போய் நடுவில் உட்கார்ந்தோம். ஒரு சீனக் கிழவர் விசிறியாலேயே அடித்து விரட்டினார். அந்த நாற்காலிகள் செத்துப்போனவர்களுக்கு என்று வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. பாத்திரம் உருளுகிற சத்தத்தைக் கேட்கப் பேய்தான் வரும் என்று நீ அப்போது சொன்னாய், நானும் சிரித்தேன். இந்த வருடம் தனியாகப் போனேன். மரியாதையாக நான்காம் வரிசை. மேடையைப் பார்க்காமல் ஓரத்தில் வாத்தியக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன முரசு வைத்திருந்தவர்தான் அங்கே மண்டோர், கங்காணி மாதிரி. அவர் குச்சி அசைந்தால்தான் தாம்பாளம் பேசுகிறது, நடிகன் காலைத் தூக்குகிறான். சத்தம் எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எதுவும் சும்மா உருளவில்லை.

அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸும் கேட்கிறேன். பருத்தித் தோட்டப் பாட்டு என்பதால் உனக்கு உடனே பிடிக்கும். ஒரு வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாம் வரியில் பதில் சொல்வார்கள். விளைச்சலில் பாதி முதலாளிக்கு, மீதி கடைக் கணக்குக்கு என்று வாழ்ந்தவர்கள். சம்பள நாளில் கடைக்காரர் நோட்டோடு வாசலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பார், மறுபடியும் சொந்தக்காரன் முகம். அந்தப் பழக்கம் விடாது போலிருக்கிறது.

மருமகன் காரில் போடுகிற மெட்டல் ராக் பாட்டு மட்டும் இதுவரை முடியவில்லை. மூன்று முறை முயன்றேன். பாடுகிறவர் தொண்டை வலியோடு எதற்காகப் பாட வேண்டும் என்ற கவலையிலேயே பாட்டு முடிந்துவிடுகிறது.

தீபாவளிக்கு மறுவாரம் பேத்தியின் குழு ஈப்போவில் வாசிக்கிறது. நீ கட்டாயம் வர வேண்டும். வரும்போது மூவார் ஓத்தா-ஓத்தா, அந்த மசாலா மீன் பொட்டலம், 20 கட்டு, மறக்காமல் பெட்டி. துருத்தி கிழிந்திருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே. ஒட்டுவதற்கு இங்கே ஆள் பார்த்து வைத்திருக்கிறேன். பேத்தியின் கரண்டிகளுக்கு உன் பெட்டியில் எந்தக் கட்டை சேருகிறது என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து தேடுவோம். சேராது. இருந்தாலும் தேடுவோம்.

ஈப்போ பஸ் நிலையத்துக்கு மருமகன் காரோடு வருவான். வழியில் அவன் போடும் பாட்டுக்கு நான் பொறுப்பல்ல.

உன் பழைய கூட்டாளி,
குணா