எஸ்ஓபியைக் காசு கொடுத்து எழுதி வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் முதுகலை படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கான கல்விக் கண்காட்சி விளம்பரங்கள் மறுபடியும் வரத் தொடங்கிவிட்டன. ஐஇஎல்டிஎஸ், ஜிஆர்இ தேர்வுகள், வங்கிக் கடன், விசா என்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்கிறார்கள். ஆனால் மாணவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்க வேண்டிய அந்த இரண்டு பக்கத்தை மட்டும் "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் நெடுங்காலம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் பழைய மாணவர்களும் அவர்களுடைய தம்பி தங்கைகளும் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவருவதைப் படித்துப் படித்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்கா போகிறவர்கள் அதை எஸ்ஓபி (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்) என்பார்கள், ஜெர்மனி என்றால் மோட்டிவேஷன் லெட்டர், இங்கிலாந்து என்றால் பர்சனல் ஸ்டேட்மென்ட். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். மதிப்பெண் பட்டியலில் பல்கலைக்கழகம் பேசுகிறது, சிபாரிசுக் கடிதத்தில் ஆசிரியர் பேசுகிறார், இந்த இரண்டு பக்கத்தில் மட்டும்தான் மாணவர் பேசுகிறார். எட்டு சொச்சம் சிஜிபிஏ வாங்கிய நூறு பேருடைய விண்ணப்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பேராசிரியருக்கு ஒருவரையும் இன்னொருவரையும் பிரித்துப் பார்க்க வேறு என்ன இருக்கிறது சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் இதில் தடுமாறுவதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே எம்இ, எம்டெக் சேர கேட் தேர்வு, அப்புறம் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா, எல்லாமே மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வு. "நீ ஏன் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறாய்?" என்று பன்னிரண்டாம் வகுப்பிலும் யாரும் கேட்கவில்லை, இளங்கலையிலும் யாரும் கேட்கவில்லை, திடீரென்று இருபத்தொரு வயதில் ஆங்கிலத்தில் ஆயிரம் சொற்களில் அதற்குப் பதில் எழுது என்றால் பிள்ளை என்ன செய்யும்? பள்ளிக்கூடத்தில் பழகிய கட்டுரையைத்தான் எழுதும். முன்னுரை, நடுவில் ஒரு மேற்கோள், முடிவுரை. அதனால்தான் என்னிடம் வருகிற எஸ்ஓபிகளில் முக்கால்வாசி கலாம் ஐயாவின் கனவு பற்றிய மேற்கோளில் ஆரம்பித்து, "சிறுவயது முதலே எனக்கு" என்று தொடர்ந்து, "தங்கள் உலகத்தரம் வாய்ந்த பல்கலைக்கழகத்தில்" என்று முடிகின்றன. அந்தப் பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் ஒரு வரியும் இடிக்காது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. இங்கிலாந்தில் இளங்கலை விண்ணப்பங்களை வாங்கும் யூகாஸ் அமைப்பு 2007ஆம் ஆண்டில் சுமார் 50,000 பர்சனல் ஸ்டேட்மென்ட்களைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் வேதியியல் செட்டை வைத்து விளையாடியபோது பைஜாமாவில் ஓட்டை விழுந்த அதே சம்பவம் 234 பேருக்கு நடந்திருந்தது! இணையத்தில் இருந்த ஒரு மாதிரியைப் பார்த்து அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். முதலில் எழுதிய பிள்ளைக்கு அது உண்மையாகவே நடந்திருக்கலாம், பாவம், அதுவும் இந்தக் கூட்டத்தில் கரைந்துபோயிற்று.

நம் ஊரில் அந்த வேலையைச் சில கன்சல்டன்சிகள் செய்கின்றன. ரெஸ்யூமேயை வாங்கி, கையிலிருக்கும் அச்சில் ஊற்றி, சில ஆயிரம் ரூபாய்க்கு எஸ்ஓபி கொடுத்துவிடுகிறார்கள். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன், மாணவரை உட்கார வைத்து நாலு கேள்வி கேட்டு அவரையே எழுத வைக்கும் நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துவிடும் முகவர்களுக்குக் கமிஷன் தருகின்றன. அதனால் எந்த ஊர், எந்தப் படிப்பு என்பதையே சில இடங்களில் முகவர்தான் தீர்மானிக்கிறார், அதற்குத் தோதாக எஸ்ஓபி தைக்கப்படுகிறது.

ஒரு மாணவியின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். காசு கொடுத்து எழுதி வாங்கியதைத்தான் அவர் கொண்டுவந்தார். உயர்ந்த கட்டடங்களைக் கண்டு சிறுவயதில் வியந்தாராம், பசுமைக் கட்டுமானத்தின் மீது அடங்காத ஆர்வமாம். "சரிம்மா, புராஜெக்ட்ல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். "எம் சாண்ட் வெச்சு கான்கிரீட் க்யூப் போட்டோம் சார், சரியா வரல, அதனால அதை எழுதல" என்றார். (எம் சாண்ட் என்பது கல்லை உடைத்துச் செய்யும் மணல், க்யூப் என்பது வலுவைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி.) அந்தச் சரியாக வராத கதையைத்தான் சொல்லச் சொன்னேன்.

எம்25 கலவை, அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலு வர வேண்டிய கான்கிரீட். ஆற்று மணலில் போட்ட க்யூப்கள் 28ஆம் நாள் சோதனையில் தேறிவிட்டன, எம் சாண்டில் போட்டவை 25ஐத் தொடவில்லை. குழுவில் ரீடிங்கைச் சரிக்கட்டிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது (எல்லாக் கல்லூரி லேபிலும் எழுகிற பேச்சுதான்). இவர் ஒத்துக்கொள்ளாமல் நோட்டுப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டிப் பார்த்திருக்கிறார். ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) வரவில்லை, கலவை இறுக்கமாக இருக்கிறது என்று கலக்கும்போது ஒருவர் மக்கில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றியிருக்கிறார். எம் சாண்ட் கூர்மையான விளிம்புள்ள துகள், அதில் தூளும் அதிகம், அதனால் ஆற்று மணலைவிட அதிகமாகத் தண்ணீர் கேட்கும். கேட்கிறதே என்று தண்ணீரை ஊற்றினால் வலு குறைந்துவிடும். மறுபடியும் தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் சூப்பர்பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனத்தைச் சேர்த்து க்யூப் போட்டார்கள். அதற்குள் புராஜெக்ட் ரிவ்யூ வந்துவிட்டது, ஏழாம் நாள் ரீடிங் மட்டும்தான் கையில் இருந்தது. அதோடு இன்னொரு கேள்வியும் அவர் மனத்தில் நின்றுவிட்டது. உடைத்த கல் மணலில் 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 20 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது 2016இல் திருத்திய ஐஎஸ் 383 என்ற இந்தியத் தர விதி. நம் குவாரிகளிலிருந்து வருகிற தூளில் களிமண்ணும் கலந்திருந்தால் அந்த 20 சதவீதம் தாங்குமா?

இதைவிட என்ன எஸ்ஓபி வேண்டும்? செய்த வேலை, அதில் தவறிய இடம், அதை அவர் கண்டுபிடித்த விதம், முடிக்க முடியாமல் போன பகுதி, இன்னும் விடை தெரியாத கேள்வி, அதற்காகவே கட்டுமானப் பொருள்கள் பற்றி மேலே படிக்க வேண்டும் என்பது. வியப்பும் ஆர்வமும் என்ற சொற்களே தேவைப்படவில்லை. பிறகு அவர் விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தின் இணையவழி நேர்காணலில் பேராசிரியர் பெரும்பாலான நேரம் அந்த மக்குத் தண்ணீரைப் பற்றியும் தூளைப் பற்றியும்தான் கேட்டாராம். தானே செய்த வேலை என்பதால் இவரும் திணறாமல் பேசியிருக்கிறார். காசு கொடுத்து வாங்கியவருக்கு இந்த இடத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பலவும் விசாவுக்கான கடிதம் தருவதற்கு முன் மாணவரை நேர்காணல் செய்து கேள்வி கேட்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2024 மார்ச்சிலிருந்து விசா விண்ணப்பத்திலேயே ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தக் கல்லூரி என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் 150 சொற்களுக்குள் பதில் எழுதச் சொல்கிறார்கள். இரவல் எஸ்ஓபியை வைத்துக்கொண்டு எத்தனை வாசல் தாண்ட முடியும்?

ஆங்கிலம் வராது என்று பயப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதலில் தமிழில் எழுதுங்கள். எழுதக்கூட வேண்டாம், உங்கள் புராஜெக்ட்டில் என்ன நடந்தது என்று அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அண்ணனிடமோ சொல்லி, அதைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். அவர்கள் எந்த இடத்தில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்களோ அதுதான் உங்கள் விஷயம். பிறகு எளிய ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், பிழையைத் திருத்த ஆள் தேடிக்கொள்ளலாம். சாட்ஜிபிடியிடம் இலக்கணத்தைப் பார்க்கச் சொல்வது வேறு, எழுதித் தரச் சொல்வது வேறு. அது எழுதித் தருவதும் கன்சல்டன்சி அச்சுதான், வழவழப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். யூகாஸ் விண்ணப்பத்தில் இப்போது ஸ்டேட்மென்ட் செயற்கை நுண்ணறிவிலிருந்து எடுத்தது இல்லை என்று உறுதிமொழியே வாங்குகிறார்கள்.

அரியர் வைத்திருப்பவர்கள் அதை மறைப்பதா, விளக்குவதா என்று தவிக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலில் இருப்பதை மறைக்க வழியில்லை. மூன்றாம் செமஸ்டரில் அப்பாவுக்கு விபத்து, மாலையில் கடையில் வேலை பார்த்தேன், இரண்டு தாளில் போயிற்று, ஐந்தாம் செமஸ்டருக்குள் முடித்துவிட்டேன், அதன் பிறகு ஒன்றும் விழவில்லை. இப்படி இரண்டு மூன்று வாக்கியம் போதும். அதையே ஒரு பக்கம் அழுது எழுதினால் படிக்கிறவருக்கு இரக்கம் வரலாம், இடம் கொடுக்கக் காரணம் கிடைக்காது. ஆனால் ஒன்று, அமெரிக்காவில் பெர்க்லி போன்ற சில பல்கலைக்கழகங்கள் எஸ்ஓபியோடு வாழ்க்கைப் பின்னணியைப் பற்றித் தனியாக இன்னொன்று கேட்கின்றன. வீட்டில் முதல் பட்டதாரி என்பது, தமிழ் வழியில் படித்தது, இதெல்லாம் அங்கே விரிவாக வரலாம், வரவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே தாளைப் போட்டு அனுப்பும் பிள்ளைகளைப் பார்க்கும்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது. பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகையில் தலைமைப் பண்பு, தொடர்புகள், படிப்பு, எதிர்காலத் திட்டம் என்று தனித்தனிக் கேள்வியாகவே கேட்கிறார்கள், அங்கே எஸ்ஓபியை வெட்டி ஒட்டினால் எடுபடாது.

பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதும் பத்தி இன்னொரு தலைவலி. அவர்களுடைய வலைத்தளத்தில் அவர்களே தங்களைப் பற்றி எழுதியிருப்பதை அவர்களுக்கே திருப்பிச் சொல்வதில் என்ன பயன்? பாடத்திட்டத்தைத் திறந்து, எந்த இரண்டு பாடம் உங்கள் கேள்விக்கு உதவும், எந்த ஆய்வகத்தில் அது சம்பந்தமான வேலை நடக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அப்படி எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அந்த இடம் உங்களுக்கானது இல்லை, விண்ணப்பக் கட்டணமாவது மிச்சம். (ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் இன்னொன்றின் பெயர் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன், அனுப்புமுன் ஒரு தடவை உரக்கப் படித்துவிடுங்கள்.)

மாதிரி பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு எம்ஐடியின் கம்யூனிகேஷன் லேப், மாணவர்கள் எழுதிய உண்மையான ஸ்டேட்மென்ட்களை ஓரத்தில் குறிப்புகளோடு இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. எந்த வரி ஏன் நன்றாக இருக்கிறது என்று அந்தக் குறிப்புகள் சொல்கின்றன. வரியை எடுக்காதீர்கள், அந்தக் காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் சக ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். சிபாரிசுக் கடிதம் கேட்டு வரும் மாணவரிடம் "நீயே டைப் பண்ணிக்கிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லும் வழக்கம் நம் கல்லூரிகளில் வேரோடிவிட்டது. வேலைப் பளு எனக்கும் தெரியும். ஆனால் எஸ்ஓபியில் இருக்கும் அதே வாக்கியம் மூன்று சிபாரிசுக் கடிதத்திலும் இருந்தால் சேதம் அந்தப் பிள்ளைக்குத்தான். பத்து வரி போதும், அவன் லேபில் செய்த ஒரு காரியத்தை நீங்கள் பார்த்தபடி எழுதுங்கள்.

அமெரிக்காவில் அடுத்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் படிப்புகளுக்கு டிசம்பர், ஜனவரியிலேயே பல இடங்களில் கெடு முடிந்துவிடும். ஆகவே ஏழாவது செமஸ்டர் தொடங்கும்போதே, ஜூலை, ஆகஸ்டில், ஒவ்வொரு கல்லூரியும் இறுதியாண்டு மாணவர்களை உட்கார வைத்து "உங்கள் புராஜெக்ட்டில் தவறிய ஒன்றை இரண்டு பக்கம் எழுதுங்கள்" என்று ஒரு பயிற்சி கொடுத்தால் போதும், பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு துளி. வெளிநாடு போகாத பிள்ளைகளுக்கும் வேலைக்கான நேர்காணலில் அது உதவும். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்திலும் அந்த மாதங்களில் வாரம் ஒரு மாணவரின் வரைவை, பெயரை நீக்கி, அவருடைய சம்மதத்தோடு, திருத்தங்களுடன் வெளியிட வேண்டுகிறேன். திருத்திக் கொடுக்க என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் காசு வாங்காமல் முன்வருவார்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற பொறியியல் கல்லூரி ஆசிரியர்,
திருநெல்வேலி.