மருந்தடித்த காயை வற்றல் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த கோடைத் தோட்டக் கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால் பூச்சிக்கு ஒரு பக்கம், வற்றலுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டதில், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சங்கதி விட்டுப்போயிற்று. மாசியில் விதைத்த கத்தரியும் கொத்தவரையும் சித்திரை, வைகாசியில்தான் குவிகின்றன. பூச்சி மும்முரமாக இருப்பதும் அப்போதுதான். ஆக, மருந்து தெளிப்பதும் வற்றல் போடுவதும் ஒரே மாதத்தில் நடக்கிற வேலைகள். ஒரு கிலோ கத்தரிக்காயில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர். காய்ந்தபின் கையில் நிற்பது 100 கிராம் இருந்தால் அதிகம். தண்ணீர் போய்விடும், பூச்சிக்குத் தெளித்துத் தோலில் படிந்த வேப்பெண்ணெயும் கந்தகமும் அதோடு சேர்ந்து போகாது. ஒரு கூடைக் காயின் மேல் பரவியிருந்தது ஒரு கைப்பிடி வற்றலில் வந்து உட்காரும். ‘இயற்கை மருந்துதானே’ என்பது இதற்குப் பதில் ஆகாது. வேப்பெண்ணெய் ஏறிய கொத்தவரை வற்றல் ஒரு சட்டி வத்தக்குழம்பையே கசக்க வைத்துவிடும்.

‘எந்தப் பூச்சியானாலும் வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்’ என்ற வரிதான் கட்டுரையில் உறுத்துகிறது. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் மாவுப்பூச்சிக் குஞ்சுகளுக்கும் அது கேட்கும். கத்தரிக்காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை அது தொடக்கூட முடியாது.

தெளிக்கும் முறையில் ஒரு திருத்தம். மே மாத வெயிலில் லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி வேப்பெண்ணெய் வேண்டாம், 5 மில்லி போதும். முதலில் எண்ணெயில் 2 மில்லி காதி சோப்புக் கரைசலை விட்டு, பால்போல் வெளுக்கும்வரை கலக்க வேண்டும். அதன் பிறகுதான் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். தண்ணீரில் நேரடியாக எண்ணெயை ஊற்றினால் அது மேலே மிதக்கும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முக்கால் பங்கு வெறும் தண்ணீராகவும், கடைசிக் கால் லிட்டர் கிட்டத்தட்ட வெறும் எண்ணெயாகவும் வெளியே வரும். வரிசையின் கடைசியில் நிற்கும் செடிகள் மட்டும் கருகிப்போவதற்கு இதுவே காரணம். செடியைக் குறை சொல்லிப் பயனில்லை. கலக்கினாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தெளிப்பானைக் குலுக்குங்கள். முதலில் இரண்டு இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். நேரம், மாலை 5 மணிக்கு மேல். வேம்பின் வீரியமான அசாடிராக்டின் வெயில் பட்டால் சீக்கிரம் சிதையும். போதாததற்கு, எண்ணெய் படிந்த இலை உச்சி வெயிலில் வெந்துவிடும். இன்னொன்று: வேம்பு பூச்சியை அடித்த கையோடு கொல்லுகிற மருந்து அல்ல. அது தின்பதைத் தடுக்கும், தோலுரிப்பைக் குலைக்கும். மறுநாள் பூச்சி உயிரோடு இருக்கிறதே என்று அளவை இரட்டிப்பாக்குகிறவர்கள்தான் செடியைக் கொல்கிறார்கள்.

வேப்பங்கொட்டைப் பருப்பு கிடைத்தால் எண்ணெயைவிட அதுவே மேல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புச் சேர்த்து அன்று மாலையே தெளித்துவிட வேண்டும். வைத்திருந்து அடிக்கும் சரக்கல்ல அது.

கத்தரியில் தளிர் நுனி மட்டும் வாடித் தொங்கினால் தண்ணீர்க் குறை என்று எண்ணி ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நுனியைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும். வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். வெட்டியதை அங்கேயே போட்டால் புழு வெளியே வந்து சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். துளை விழுந்த காய்க்கும் இதே மரியாதைதான். தண்டும் காயும் துளைக்கும் இந்தப் புழுவுக்கென்றே லூசின் லூர் என்ற இனக்கவர்ச்சிக் குப்பி விற்கிறார்கள். அது பெண் பூச்சியின் வாசத்தைக் காட்டி, இந்தப் புழு வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சியில் ஆணை மட்டும் பிடிக்கும் என்பதால், நுனி கிள்ளும் வேலையை அது மிச்சப்படுத்தாது.

வெண்டையில் இலை வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செம்பேன். எட்டுக் கால் கொண்ட சிலந்தி வகை. சூடும் வறட்சியும் சேர்ந்தால் பெருகும். காலை வேளையில் இலையின் அடிப்பக்கத்தை விசையான தண்ணீரால் கழுவுவதுதான் முதல் வைத்தியம். மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவினாலே பாதி அடங்கும். மாடியில் குழாயில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். அதை ஒரு வாளியில் பிடித்து வைத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் செடிக்குத் திருப்புங்கள். நனையும் கந்தகத் தூள் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் வகை), லிட்டருக்கு 2 கிராம், செம்பேனுக்கு நன்றாகக் கேட்கும்தான். ஆனால் வெயில் 35 டிகிரியை நெருங்கினாலே அது இலையைச் சுடும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் அடித்தால் கருகல் நிச்சயம். அக்னி நட்சத்திரத்தில் கந்தகத்தைக் கையில் எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. கந்தகம் பட்ட காயை வற்றலுக்கு எடுக்கவே வேண்டாம்.

வெண்டை இலை நரம்பு மஞ்சளாகிக் காயும் மஞ்சளித்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குக் கட்டுவது, வெள்ளை ஈயை ஒட்டவைத்து மற்றச் செடிகளைக் காக்க.

மாவுப்பூச்சி விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, கத்தரி என்று பரவி ஆட்டிவைத்தபோது, அதை அடக்கியது பூச்சிக்கொல்லி அல்ல. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற, மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும் பொடிக் குளவிதான். எனவே உப்பி விறைத்து, முதுகில் பொட்டு ஓட்டையோடு இருக்கும் மாவுப்பூச்சியைத் துடைத்தெறியாதீர்கள். குளவி வேலை செய்த அடையாளம் அது. இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, வெள்ளை மயிர் சிலிர்த்து, விறுவிறுவென்று நகர்ந்தால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. அதைக் கொல்பவர் தம் காவல்காரனையே கொல்கிறார். முதலில் எறும்பை நிறுத்துங்கள். மாவுப்பூச்சி வடிக்கும் இனிப்புக்காக எறும்புதான் அதைக் காவல் காக்கிறது. செடி வளரும் பையின் அடியில் செங்கல் வைத்து, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றாவிட்டால் கொசு வரும். கடலைப் பிண்ணாக்குக் கரைசலை வாரந்தவறாமல் ஊற்றுவதையும் குறையுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் தளிர் கொழுக்கும், சாறு உறிஞ்சிகளுக்கு விருந்தாகும்.

இனி வற்றல். வற்றலுக்கென்று சில செடிகளை ஒதுக்கிவிடுவது நல்லது. அவற்றுக்குத் தெளித்தே ஆகவேண்டுமானால், காயெல்லாம் பறித்து முடித்த மாலையில் தெளித்து, அடுத்த ஒரு வாரத்துக்கு வற்றலுக்குக் காய் எடுக்காதீர்கள். எடுத்த காயை நறுக்குவதற்கு முன் உப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். நறுக்கியபின் கழுவிப் பயனில்லை.

கொத்தவரையை அப்படியே வெயிலில் போடலாம் என்ற யோசனையும் சரியல்ல. தோல் காய்ந்து இறுகி, உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும்; நிறமும் வைக்கோலாகிவிடும். ஒரு கிலோ பிஞ்சுக்கு 40 கிராம் கல்லுப்பு, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் நான்கைந்து நிமிடம் அரைவேக்காடு. நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும், நசுங்கக் கூடாது. வடித்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே வேட்டித் துணி போர்த்துங்கள். பனியும் இரவு ஈரமும் படுமுன், 4 மணிக்கே வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். நல்ல வெயிலில் நான்கு நாள். ஒடித்தால் ‘டக்’ என்று ஒடிய வேண்டும். சந்தேகமிருந்தால் தராசில் வையுங்கள்: இரண்டு நாள் அடுத்தடுத்து எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு கிலோ 200 கிராம் அளவுக்கு வந்து நிற்கும்.

மோர் மிளகாய்க்குக் காம்பை விட்டுவைத்து நுனிப்பக்கம் கீறுங்கள். கீறாத மிளகாயில் உப்பு இறங்காது, எண்ணெயில் வெடிக்கும். கால் கிலோ மிளகாய்க்குக் கால் லிட்டர் கெட்டியான புளித்த தயிரைக் கடைந்த மோர், 45 கிராம் உப்பு. பகலில் வெயில், மாலையில் திரும்ப அதே மோர். மோர் முழுதும் உறிஞ்சப்படும்வரை. நடுவில் மேகம் போட்டால் தட்டில் விட்டுவிடாமல் மோரிலேயே கிடக்கட்டும். உப்பும் புளிப்பும்தான் அதற்குப் பாதுகாப்பு. பாத்திரம் ஜாடியோ மண்சட்டியோ இருக்கட்டும், இரும்பும் அலுமினியமும் வேண்டாம்.

வேகவைத்த காய்களைத் தண்ணீரோடு பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கலாம் என்று கட்டுரையின் கடைசியில் வந்த குறிப்பை மட்டும் வாசகர்கள் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். புளிப்பில்லாத காயில் போட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகா; அதற்கு அழுத்தத்தில் 121 டிகிரி சூடு வேண்டும். காற்றுப் புகாத பாட்டில் அந்தக் கிருமிக்கு மிகவும் தோதான இடம். பார்வையிலோ வாசத்திலோ தெரியாமலும் போகலாம்.

டப்பாவில் போடுமுன் வற்றல் நன்றாக ஆறட்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்துச் சொட்டும். முதல் ஒரு வாரம் கண்ணாடி ஜாடியில் வைத்து, தினமும் குலுக்கிப் பாருங்கள். ஜாடியின் உட்சுவரில் ஆவி படிந்தாலோ, வற்றல்கள் ஒட்டிக்கொண்டாலோ இன்னும் ஒரு நாள் வெயில் தேவை. ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசி வெயிலில் ஒருமுறை எல்லா டப்பாவையும் கொட்டிக் காயவைத்து எடுத்தால் வண்டு வராது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருச்சி.