கூப்பனை எத்தனை மணி நேரம் வேக வைப்பது?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லாருக்கும் சந்தோஷம். இனி உன் எஸ்.ஆர். (வெல்டின் உள் இறுக்கத்தைச் சூடாக்கித் தணிக்கும் ஸ்ட்ரெஸ் ரிலீவிங்) விவகாரம்: கூப்பனை, அதாவது வெல்ட் செய்த சோதனைத் தகட்டை, எத்தனை மணி நேரம் ஃபர்னஸில் வைப்பது என்று கேட்டிருந்தாய்.

எஸ்.ஆர். செய்யாத பி.க்யூ.ஆரை (வெல்டிங் முறை கூப்பன் சோதனையில் தேறியதற்கான பதிவு) வைத்து, எஸ்.ஆர். ஆகப்போகும் ஜாயின்டை வெல்ட் செய்ய முடியாது. மறுபக்கமும் அதே கதைதான். வெல்டிங் தகுதிக்கான அமெரிக்க விதிநூல் ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 9 இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது. 20 மி.மீ. ஷெல்லை (கலனின் உருளைப் பகுதியை) அப்படியே விட்டு 45 மி.மீ. ஷெல்லை மட்டும் ஃபர்னஸில் ஏற்றுகிறீர்கள் என்றால், மெட்டீரியல் ஒன்றே ஆனாலும் இரண்டு பி.க்யூ.ஆர். வேண்டும்.

இம்பாக்ட் டெஸ்ட் (அடித்து உடைத்துப் பார்க்கும் சோதனை) கேட்கும் வேலையில்தான் தலைவலி ஆரம்பம். ஜாப் மொத்தம் எத்தனை மணி நேரம் சோக்கிங்கில் (எஸ்.ஆர். சூட்டிலேயே நிறுத்தி வைப்பதில்) இருக்குமோ, அதில் 80 சதவீதமாவது கூப்பனும் இருந்திருக்க வேண்டும். பி-நம்பர் 1 (கார்பன் ஸ்டீல் வகை), 50 மி.மீ. என்றால் 595 டிகிரியில் 2 மணி நேரம். ரிப்பேர் வந்தால் இன்னொரு 2. பிற்கால ரிப்பேருக்கென்று வாடிக்கையாளர் ஒரு சுற்று கேட்டால் ஆக மொத்தம் 6. அதில் 80 சதவீதம் 4 மணி 48 நிமிடம். கூப்பனை 5 மணி வைத்துவிடு. ஒரே சுற்றாகவே வைக்கலாம். 2 மணி மட்டும் வைத்த கூப்பன் இரண்டரை மணிக்குத்தான் தாங்கும், முதல் ரிப்பேரிலேயே மாட்டிக்கொள்வாய்.

பயந்துபோய் 10 மணி வைத்துவிடாதே. நேரம் கூடக்கூட பலம் இறங்கும். எஸ்.ஏ. 516 கிரேடு 70 தகட்டுக்கு இழுவைப் பலம் குறைந்தபட்சம் 485 எம்.பி.ஏ.; மில் சர்டிபிகேட்டில் (ஆலை தரும் சோதனைச் சான்றில்) 490 காட்டும் தகட்டைக் கூப்பனுக்கு எடுத்தால் டென்சைல் (இழுவைச் சோதனை) உதைக்கும். (வெல்டில் அல்லாமல் தகட்டிலேயே முறிந்தால் 5 சதவீதம் வரை சலுகை உண்டு, ஆனால் அதை நம்பியா கூப்பன் போடுவது!) சூடு அளக்கும் தெர்மோகப்பிளைக் கூப்பனிலேயே ஒட்டு, ஃபர்னஸ் சுவர் காட்டுவது கூப்பனின் சூடு அல்ல. டெஸ்ட் பீஸ்களை எஸ்.ஆர். முடிந்த பிறகே வெட்டு.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தகடுகளை வெல்ட் செய்து ஹாட் ஃபார்மிங்குக்கு (சூடாக்கி வளைக்க) அனுப்பும் டிஷ் எண்ட் (கலனின் குவிந்த மூடி) உங்கள் ட்ராயிங்கில் இருக்கிறதா? 900 டிகிரிக்கு மேல் போனால் அந்த வெல்ட் நார்மலைஸ் ஆகிவிடும் (உள்ளமைப்பே மாறிவிடும்). சாதாரண எஸ்.ஆர். பி.க்யூ.ஆர். அதற்குச் செல்லாது. 7018 எலெக்ட்ரோடில் போட்ட வெல்ட் அந்தச் சூட்டுக்குப் பிறகு பலம் இழக்கும் என்பதால் ஃபில்லரையே (வெல்டை நிரப்பும் உலோகத்தையே) மாற்ற வேண்டி வரலாம். தடிமன் கணக்கும் சுருங்கும்: வழக்கமாக 50 மி.மீ. வரை தகுதி தரும் 25 மி.மீ. கூப்பன், இங்கே 1.1 மடங்குதான், அதாவது 27.5 மி.மீ. டிஷ் எண்ட் 40 மி.மீ. என்றால் கூப்பனும் கிட்டத்தட்ட அதே தடிமனில் வேண்டும். தகடு ஆர்டர் போடும்போதே சேர்த்துக்கொள்.

ட்ராயிங்கையும் மில் சர்டிபிகேட்டையும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராகவன்