எட்டு ரவுண்டுக்கு முன்னால்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது.

அனுப்பிய பணம் வந்தது. எட்டு ரவுண்டு குத்துச்சண்டைக்கு ஒப்புக்கொண்டாய் என்றதும் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள். நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். நன்றாகத் தூங்கு. பயிற்சிச் சண்டையை, அந்த ஸ்பாரிங்கை, குறைத்துக்கொள்.

1980-ல் முகமது அலி மெட்ராஸ் வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்த கதை உனக்கு மனப்பாடம். அன்று அலியோடு காட்சிச் சண்டை போட்ட ஜிம்மி எல்லிஸைப் பற்றி நீ கேட்டதே இல்லை. 1968-ல் ஓக்லாந்தில் ஜெர்ரி குவாரியைப் பதினைந்து ரவுண்டில் ஜெயித்து உலகப் பட்டம் வாங்கியவர். குவாரி மறுவருஷமே, இன்னொரு உலகப் பட்டம் வைத்திருந்த ஜோ ஃபிரேசியரிடம் அந்தப் பட்டத்துக்கு மோதினான். ஏழு ரவுண்டு, கண் கிழிந்து நிறுத்திவிட்டார்கள். அலியிடம் இரண்டு தரம் தோற்றான். மொத்தம் 53 வெற்றி, உலகப் பட்டம் மட்டும் வரவே இல்லை. என்ன லெஃப்ட் ஹூக் தெரியுமா! உன்னுடையதைப் பார்த்தால் அவன் நினைப்புத்தான் வரும்.

1992-ல், 47 வயதில், மறுபடி ரிங்கில் ஏறி ஆறு ரவுண்டு அடி வாங்கினான். தலையில் வாங்கிய அடியெல்லாம் மூளை வியாதியாகி, பிறகு சட்டை மாட்டிவிடக்கூட ஆள் வேண்டியிருந்தது. 53 வயதில் போய்விட்டான். அவன் தம்பி மைக் குவாரியும் உலகப் பட்டத்துக்கு மோதியவன்தான். அதே மூளை வியாதி, 55 வயதில் போனான். எல்லிஸுக்கும் கடைசியில் ஞாபகம் தப்பிவிட்டது. குவாரி பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே க்ளவுஸ் மாட்டிவிட்டது அவர்கள் அப்பா.

உன் மாமா பையன் வாராவாரம் பேசுகிறான். நீ மாதம் ஒரு தடவை. போன ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, அத்தை வீட்டு விசேஷம் முடிந்ததா என்று மூன்று தடவை கேட்டாய். அலுப்பாக இருக்கும் என்கிறாள் அம்மா. இருக்கலாம். தூங்கு. டாக்டரிடம் ஒரு தடவை தலையைக் காட்டிவிடு, சும்மாதான்.

ராயபுரத்தில் அன்று இரண்டாம் முறை விழுந்து எழுந்தாயே, வாத்தியார் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வீசட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். வேண்டாமென்று தலையாட்டியது நான். ஏன் நிறுத்தவில்லை என்று இத்தனை வருஷமாக அவரோடு நீ பேசுவதில்லை. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மெடல் இன்னும் டிவி மேலேதான் இருக்கிறது. அம்மா துடைக்கிறாள், நான் தொடுவதில்லை.

இதுவரை தலையில் எத்தனை தடவை பலமாக அடி பட்டது என்று டாக்டர் கேட்பார். குறைத்துச் சொல்லாதே. ராயபுரத்தையும் சேர்த்துக்கொள்.

அப்பா