கலாவுக்கு, காதைப் பற்றி

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். தம்பிக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் ஆகிவிட்டது, அம்மா அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருக்கிறாள். உன் கடிதம் பொங்கல் சமயத்திலேயே வந்துவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்திருந்தால் சண்டைதான் போட்டிருப்பேன், கொஞ்சம் ஆறட்டும் என்று வைத்திருந்தேன். ஆறவில்லை, அதனால் சண்டையை இப்போது போடுகிறேன்.

ஆங்கில வகுப்பில் இணையத்தில் வரும் ஒலி நிகழ்ச்சிகளை, அதான் பாட்காஸ்ட்டை, போட்டுக் கேட்கவைக்கிறேன் என்று நான் எழுதியதற்கு, "எம்.ஏ. பிள்ளைகளுக்குப் போய் பாட்காஸ்ட்டா, அதெல்லாம் பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொள்ளத்தான், வகுப்பில் புத்தகத்தைப் பிரிடி" என்று எழுதியிருந்தாய். நீ சொன்னால் நான் யோசிப்பேன் என்று உனக்கே தெரியும், யோசிக்கவும் செய்தேன். அதற்குள் இங்கிலாந்தில் லீட்ஸிலிருந்து ஒரு போன் வந்தது. அதன்பிறகு உன் பக்கம் வருவதற்கு வழியே இல்லை.

மாலை வகுப்பில் படித்த நர்ஸ் பிள்ளை, நீ வந்திருந்தபோது உனக்கு நுங்கு வெட்டிக் கொடுத்தாளே, அவள்தான். மருத்துவ வேலைக்கு வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலப் பரீட்சையான ஓ.இ.டி.யில் நாலு பகுதியிலும் பி கிரேடு வாங்கிப் போனவள். அந்தப் பரீட்சையில் ஒலிப்பதிவை ஒரே ஒரு தடவைதான் போடுவார்கள், கேட்டுக்கொண்டே எழுத வேண்டும், அதிலும் நல்ல மார்க். போன வேகத்தில் வார்டில் போட்டுவிட்டார்கள். "மிஸ், டியூட்டி மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கிற ஹேண்ட் ஓவர் நேரத்தில் நைட் டியூட்டி சிஸ்டர் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை. மருந்துப் பெயர் புரிகிறது, வியாதி புரிகிறது, நடுவில் இருப்பதுதான் புரியவில்லை. எத்தனை தடவைதான் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்பது?" என்று சொல்லிவிட்டு அழுதாள் கலா. அங்கே ஒரு கப் டீ கேட்டால்கூட 'குப்' என்றுதான் காதில் விழுகிறதாம்.

நடுவில் இருப்பது என்றாளே, அதையே பிடித்துக்கொண்டேன். மருந்தைக் கொடுத்தாயிற்றா, கொடுத்திருக்க வேண்டுமா, கொடுக்காமல் விட்டார்களா என்று சொல்கிற சின்னச் சின்னச் சொற்கள்தானே அந்த நடு. பேச்சில் முதலில் நசுங்குவது அவைதான். 'ஷுட் ஹாவ் பீன்' என்று நாம் கரும்பலகையில் எழுதிப்போடுவது அவர்கள் வாயில் 'ஷுடபின்' என்று ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. அமெரிக்கர்கள் பேச்சில் 'கேன்', 'கான்ட்' இரண்டையும் பிரித்துக் காட்டுவது கடைசி 'ட்' இல்லை, அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள். முடியும் என்றால் 'கன்' என்று தேய்ந்து ஓடிவிடும், முடியாது என்றால் 'கேன்' என்று அழுத்தமாக நிற்கும். நம் பிள்ளைகள் முடியும் என்பதற்கே அழுத்திக் 'கேன்' சொல்லிப் பழகியவர்கள். அப்புறம் எப்படி இருக்கும் சொல்.

நம் தமிழையே எடுத்துக்கொள். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று ஒழுங்காகப் படித்துவிட்டு வருகிற வெள்ளைக்காரர் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் 'போயிட்ருக்கேன்' என்பதுதானே காதில் விழும். அவருக்கு இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை, காதுதான் பழகவில்லை. நம்மிடம் ஆங்கிலத்தில் மேல்நிலைக்கு வந்தாயிற்று என்று சொல்லிக்கொள்கிற பிள்ளைகளும் அப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் இன்னும் நூறு கடினமான சொல்லைக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுத் திட்டு. 'திஸ் அமெரிக்கன் லைஃப்' என்று சிகாகோ வானொலியில் 1995இல் தொடங்கிய நிகழ்ச்சி. அதற்கு முழு எழுத்துப்படியும் இணையத்தில் கிடைக்கிறது, எனக்கு அதுதான் பெரிய வசதி. ஒரு கதையைப் பத்து நிமிடம் போல ஓடவிடுவேன், கையில் பேனா கூடாது. என்ன நடந்தது என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லச் சொல்வேன். ஓரளவுக்கு எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். உன்னைப் போன்றவர்கள் அங்கேயே திருப்தியாகி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவீர்கள். வேலை அதற்கப்புறம்தான். யாராவது எழுதிவைத்து வாசிக்காமல் தன்போக்கில் பேசுகிற இடத்தில் இருபது விநாடியை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்பப் போட்டு, ஒரு சொல் விடாமல் எழுதச் சொல்கிறேன். நமக்கு டிக்டேஷன் போட்ட 'கமா போடு' டீச்சரம்மா இருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்கள். எழுதி முடித்தபிறகு எழுத்துப்படியைக் கையில் கொடுத்தால் வகுப்பே அமைதியாகிவிடும். பெரிய சொல் எதையும் யாரும் தவறவிட்டிருக்க மாட்டார்கள். போனதெல்லாம் குட்டிச் சொற்கள், அவை போனதில் சில இடங்களில் அர்த்தமே தலைகீழாகியிருக்கும். கடைசியில் அந்தக் குரலோடு சேர்ந்தே அதே வேகத்தில் பேசிப் பார்க்கிறோம். வாய் ஒருதடவை அந்த வேகத்தில் ஓடிவிட்டால் காதும் அதைப் பிடித்துக்கொள்கிறது.

வேகத்தைக் குறைத்துப் போடலாமே என்று நீ கேட்பாய். பிள்ளைகளும் கேட்டார்கள். பேசுகிறவர் விழுங்கிய ஒலி மெதுவாக ஓட்டினால் திரும்பி வந்துவிடுமா? இழுத்து இழுத்து அதே விழுங்கல்தான் கேட்கும். 1959இலேயே அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, கற்பவர்களுக்காக நிதானமாக, குறைந்த சொற்களில் ஒரு ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆரம்ப நிலைக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. மேல்நிலைக்கு வந்தபிறகும் அப்படிப்பட்ட சுத்தமான குரல்களையே கொடுத்துக்கொண்டிருந்தால் லீட்ஸ் வார்டில் யார் அப்படிப் பேசப்போகிறார்கள்?

எம்.ஏ. பிள்ளைகளுக்கு 'இன் அவர் டைம்' போடுகிறேன். பிபிசி ரேடியோ 4இல் 1998இல் தொடங்கியது, பல வருடம் மெல்வின் பிராக் நடத்தினார். ஒரே ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம் பேச்சு. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் ஒருவரையொருவர் மறுக்கிற விதம். 'அது தவறு' என்று யாரும் முகத்தில் அடிப்பதில்லை. ஒப்புக்கொள்வது போல ஆரம்பித்து, கொஞ்சம் தயங்கி, ஒரு 'ஆனால்' போட்டு, மெதுவாக எதிர்ப்பக்கம் போய் நிற்கிறார்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசினால் எல்லாமே தீர்ப்பாக வரும், இல்லாவிட்டால் மௌனம். அந்தத் தயக்கத்தையும் மொழியாகக் கற்க வேண்டியிருக்கிறது, அது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? போன வாரம் ஒரு பையன் என்னை அதே பாணியில் மறுத்தான், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எழுத்துப்படி இல்லாத நிகழ்ச்சிகளுக்கு யூடியூப் தானாகப் போடும் வரிகளை எடுத்துக்கொள்கிறோம். அது தப்பாகக் கேட்ட இடங்களைக் கண்டுபிடி என்று சொன்னால் போதும், பிள்ளைகளை நிறுத்த முடியவில்லை. முன் பெஞ்சு ஒன்று சொல்ல, பின் பெஞ்சு வேறொன்று சொல்ல, திரும்பப் போடுங்கள் மிஸ் என்று கத்தல். ஒரு சொல்லுக்காக ஒரு வகுப்பே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நீ வந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'சீரியல்' என்ற அமெரிக்க பாட்காஸ்ட் கேள்விப்பட்டிருப்பாய், 2014இல் வந்தது, முதல் தொடர் பன்னிரண்டு பகுதி. பால்டிமோரில் 1999இல் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொலை செய்யப்பட்டதையும், அதற்காகத் தண்டிக்கப்பட்ட அட்னான் சையத்தின் வழக்கையும் மறுபடி துருவிப் பார்ப்பது. சாட்சி, சந்தேகம், ஊகம் எல்லாம் பேச அதைப்போல ஒரு பாடம் கிடைக்காது. விவாதம் சூடு பிடித்து, அவன் செய்தான், செய்யவில்லை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஒருநாள் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து, "அந்தப் பிள்ளையோட அம்மாவும் இதையெல்லாம் கேட்டிருப்பாங்கதானே மிஸ்?" என்றாள். யாரும் பேசவில்லை. என்னிடமும் உடனே பதில் இல்லை. கோர்ட்டில் அந்த வழக்கு பல தடவை புரண்டுவிட்டது. 2022இல் தண்டனை ரத்தாகி அவர் வெளியே வந்தார், மறுவருடம் தீர்ப்பு மறுபடி உயிர்பெற்றது, 2025இல் இதுவரை இருந்த சிறைவாசமே போதும் என்று முடித்தார்கள். அதையெல்லாம் சொன்னோம், படித்தோம். ஆனாலும் அந்தப் பெண்ணின் கேள்வி வகுப்பிலேயே இருக்கிறது. அதன்பிறகு யாரும் சிரித்துக்கொண்டு அந்தத் தொடரைப் பேசவில்லை. மொழிப் பயிற்சி என்று சொல்லி யாருடைய துக்கத்தை எடுத்து மேஜையில் வைக்கிறோம் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும், இல்லையா? இதில் உன் கருத்து எனக்கு வேண்டும், வேறு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

கஷ்டமும் இல்லாமல் இல்லை. இதற்கு மார்க் எங்கே என்று மேலிடத்தில் கேட்கிறார்கள், லேபில் பாதி ஹெட்போன் ஒரு காதுக்குத்தான் கேட்கிறது, மாலை வகுப்பிலோ பெற்றோர்கள் மாடல் டெஸ்ட் எத்தனை வைத்தீர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. பரீட்சை பாஸானால்தானே விசா, அவர்கள் கவலை நியாயம்தான். ஆனால் பாஸான பிறகு அந்தப் பிள்ளை தனியாக நின்று அழுகிறாளே.

எனக்கு இருக்கிற பெரிய கவலை வேறு. எனக்குக் கிடைக்கிற நல்ல நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அமெரிக்கக் குரல், இல்லாவிட்டால் லண்டன் குரல். அந்த வார்டில் இவளோடு வேலை செய்கிறவர்கள் கோட்டயம், மணிலா, லாகோஸ் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். அவர்கள் பேசுவதும் ஆங்கிலம்தானே? அதனால் நாங்களே பதிவு செய்வது என்று முடிவெடுத்திருக்கிறோம். பிள்ளைகள் போனில் பேட்டி எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெட்டி ஒட்டி எட்டு நிமிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதலாவதாகக் குளச்சல் மீனவர் ஒருவரைப் பற்றி இரண்டு பிள்ளைகள் செய்தார்கள். கட்டுரையை ஒரு தடவைகூடத் திருத்தாத பிள்ளைகள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுவிட்டு, முன்னுரையை அத்தனை தடவை மாற்றிப் பேசினார்கள். லீட்ஸ் பிள்ளையும் கூட வேலை செய்கிற நைஜீரிய சிஸ்டரிடம் பேசிப் பதிவு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள்.

இப்போது உனக்கு வேலை. உன் மாடி வீட்டு பிரெஞ்சுக்காரப் பாட்டி ஆங்கிலத்தில் கதை சொல்வார்கள் என்பாயே, பாண்டிச்சேரியில் அவர்களை விட்டால் எனக்கு வேறு யாரைத் தெரியும்? கேட்டு, சம்மதித்தால், ஒரு பத்து நிமிடம் பதிவு செய்து அனுப்பு. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய். நடுவில் புகுந்து அவர்கள் இலக்கணத்தைத் திருத்தாதே, உன்னை எனக்குத் தெரியும்.

அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் சொல். தனியாக அலையாதே, நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

உன்
ரமணி