வலை உலரும் இடம் வரைபடத்தில் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் நில அளவை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று, கடலோரக் கட்டுமானங்களுக்கு வரம்பு விதிக்கும் மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 2023-இல் தமிழகக் கடலோர மாவட்டங்களில் இந்த வரைபடங்கள் அடங்கிய கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு மீது கருத்துக் கேட்டபோது, இவையே விடுபட்டிருப்பதாக மீனவர்கள் முறையிட்டார்கள்.

செயற்கைக்கோள் படத்தில் வெறும் மணலாகத் தெரிவது, கரைவலைக்காரர்களுக்குத் தொழிற்களம். வலையின் இரு முனைக் கயிறுகளையும் இரண்டு அணியாக விலகி நின்று இழுக்க நீண்ட கரை வேண்டும். இதே கரை வடகிழக்குப் பருவமழையில் அரிக்கப்படும். படகுகள் மேட்டுக்கு ஏறும். ஒருநாள் எடுத்த படத்தில் அந்த மேடு 'காலி இடம்'தான். காலி இடம் என்றால் யாருக்காவது ஒதுக்கத் தோன்றாதா?

எல்லாம் வரைந்து முடித்துவிட்டுக் கருத்துக் கேட்பது, பந்தி முடிந்தபின் இலை போடுவது போல. அளவையாளர்கள் முதலிலேயே ஊர்ப் பஞ்சாயத்தாரோடு கரையில் நடக்கட்டும். கருவாடு காயவைக்கும் பெண்களையும் (அவர்களை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் அழைப்பதில்லை) உடன் அழைத்துச் செல்லட்டும். சர்வே எண்ணோடு, தமிழில், அந்த வரைபடத்தை ஒவ்வோர் ஊரின் ஏலக்கூடத்திலும் ஒட்டட்டும்.

— ஒரு வாசகர், நாகப்பட்டினம்