ரப்பர் மேட் தரைதான், படுக்கை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அது படுக்கப்போகும் இடத்தில் காட்டுவதில்லை. இப்போது அந்தக் கவலையும் வேண்டாம், லாயத்தில் ரப்பர் மேட் போட்டால் போதும் என்ற பேச்சு பரவியிருக்கிறது. மேலே எதுவும் பரப்ப வேண்டாம், கழுவிவிட்டால் வேலை முடிந்தது என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். வைக்கோல் செலவு மிச்சம் என்று வாங்குகிறவர்களும் நம்பிவிடுகிறார்கள். மேட் நல்ல பொருள்தான். ஆனால் அது தரை, படுக்கை வேறு.

குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது உண்மை. ஆழ்ந்த உறக்கத்துக்கு மட்டும் அது படுத்தாக வேண்டும். ஒரு நாளில் அரைமணி நேரமாவது வேண்டும். வெறும் மேட்டில், அதுவும் ஈரமான மேட்டில், பல குதிரைகள் படுக்கத் தயங்கும். படுக்கிற குதிரைக்கு முன்னங்கால் முழங்கையிலும் பின்னங்கால் முட்டியிலும் முதலில் முடி உதிரும், பிறகு தோல் தேய்ந்து புண்ணாகும். மூத்திரம் காலில் தெறிப்பது குதிரைக்குப் பிடிக்காது. வெறுந்தரையில் அடக்கி வைத்துக்கொண்டு வெளியே அவிழ்த்துவிடும்வரை காத்திருக்கும் குதிரைகள் உண்டு.

வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏழு முதல் பத்து லிட்டர் மூத்திரம் விடும். ரப்பர் அதில் ஒரு சொட்டுகூடக் குடிக்காது. மேலே தேங்கும், அல்லது இணைப்புகள் வழியாக அடியில் இறங்கும். அடியில் இருப்பதோ இருட்டு, வெதுவெதுப்பு, ஈரம். பாக்டீரியா அங்கே யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். அம்மோனியா மூச்சுக்குழாயின் உட்சவ்வை எரிக்கும். ‘தூசியால் இருமுகிறது’ என்று நாம் நினைக்கிற இருமலுக்குச் சில நேரம் இதுதான் காரணம். நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. படுத்த குதிரையின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். கண் கரித்தால் லாயம் கெட்டுவிட்டது என்று பொருள்.

மேட் வாங்கும்போது செய்கிற முதல் தவறு, மாட்டுக் கொட்டகை மேட்டையே குதிரைக்கும் போடுவது. மாடு கட்டிய இடத்தில் நிற்கும். குதிரை லாயத்துக்குள் சுற்றிச் சுற்றித் திரும்பும். திரும்பும்போது இரும்பு லாடம் ஒரே இடத்தில் அழுந்தித் திருகும். எடை குறைவான நுரை மேட் சில மாதங்களில் பிய்ந்துவிடும். 17, 18 மில்லிமீட்டர் தடிமனில், வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய) கெட்டி ரப்பராக இருக்க வேண்டும். நாலுக்கு ஆறு அடியில் அப்படி ஒரு மேட் ஏறக்குறைய 45 கிலோ இருக்கும். ஒரே ஆள் தோளில் போட்டு நடந்தால் சந்தேகப்படலாம். மூலையைப் பின்பக்கமாக மடித்தால் வெடிப்பு விடக் கூடாது. மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் உறிஞ்சக் கூடாது. பழைய டயர்த் துகளை ஒட்டிச் செய்த சில மேட்கள் உறிஞ்சும், பிறகு எத்தனை கழுவினாலும் நாற்றம் போகாது. பழைய கன்வேயர் பெல்ட் மலிவாகக் கிடைக்கிறது. அதில் கம்பி வைத்த வகை தேயத் தேய முனை வெளியே வந்து குளம்பில் குத்தும்.

மேட் எப்படித் தாங்கும் என்பது அதன் அடித்தரையைப் பொறுத்தது. வெறும் செம்மண்ணில் போட்டால் குதிரை நிற்கும் இடம் குழிந்து, அங்கேயே மூத்திரம் குளம் கட்டும். சிமென்ட் தரை என்றால் நாலு அங்குலக் கான்கிரீட், மேற்பரப்பை மழமழவென்று இழைக்காமல் துடைப்பத்தால் கோடு இழுத்தது, 12 அடி நீளத்துக்கு இரண்டு அங்குல வாட்டம். அதற்கு மேல் வாட்டம் வைத்தால் கால் தசைநாண்களுக்கு ஓயாத இழுப்பு. சிமென்ட் வேண்டாம் என்பவர்கள் ஆறு அங்குலம் தோண்டி, நாலு அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் இரண்டு அங்குலம் கிரஷர் தூள் போட்டு, நனைத்து, இயந்திரத்தால் திமிசு போட வேண்டும். கையால் இடித்தால் சீக்கிரமே குழி விழும். கடப்பைக்கல் தரை இருந்தால் மேட் அதன்மேலேயே நகர்ந்து வழுக்கும். கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் போடாதீர்கள்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி லாயத்துக்கு இந்த அளவு மேட் ஆறு. சுருட்டி வந்ததை ஒரு நாள் விரித்துப் போட்டுப் படியவிட வேண்டும். புது ரப்பர் வாடையும் அதற்குள் குறையும். ரப்பர் சூட்டில் நீளும். மார்கழிக் காலையில் சுவரோடு ஒட்டி இறுக்கிப் போட்ட மேட், சித்திரையில் தகரக் கூரையின் கீழ் நடுவில் எழும்பி நிற்கும். குதிரை அதில் இடறும். குளிரில் போடுவதானால் சுவரோரம் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள், வெயில் காலத்தில் அரை போதும். வெட்டும்போது அடியில் மரச்சட்டம் வைத்து, கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரே கோட்டில் நாலைந்து முறை இழுத்தால் சுத்தமாக வரும். குமிழ் உள்ள பக்கம் கீழே. இணைப்புகள் செங்கல் வரிசை போல மாறி மாறி வரட்டும். நான்கு மூலைகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கேதான் முதலில் தூக்கும்.

இனிப் படுக்கை. உமி ஈரம் குடிக்காது, கண்ணிலும் மூக்கிலும் ஏறும். கடலைத்தோலில் பூஞ்சணம் சுலபமாகப் பிடிக்கும். அதைக் குதிரை தின்னவும் செய்யும். ஆற்று மணலைத் தீவனத்தோடு சேர்த்து விழுங்கி, அது குடலில் தங்கி, சூலை என்னும் கடும் வயிற்றுவலி வந்து குதிரை துடிக்கும். நெல் வைக்கோலில் குறை அதிகமில்லை, தின்றுவிடும் என்பதைத் தவிர. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் இருப்பவர்களுக்குத் தென்னை நார்க்கழிவு (மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்) இருக்கும்போது வேறு எதற்கு அலைய வேண்டும்? தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரம் குடிக்கும், மெத்தென்று இருக்கும், குதிரைக்கு அதில் ருசி இல்லை.

மேட் இல்லாத தரையில் ஆறேழு அங்குலம் பரப்ப வேண்டும். மேட் மேல் மூன்று அங்குலம் போதும். மேட் போட்டதன் லாபம் இதுதான், படுக்கையே வேண்டாம் என்பதல்ல. 12 அடி லாயத்துக்கு அது ஏறக்குறைய ஒரு கன மீட்டர். ஐந்து கிலோ கட்டியாக வாங்கினால் 14 கட்டி. கட்டி ஒன்று நனைத்தால் 70 லிட்டர் அளவுக்கு விரியும், பிறகு வெயிலில் காய வைக்க வேண்டும். உதிரியாக வாங்கினால் சலித்து நீள நார், கல், கம்பி எல்லாம் எடுத்துவிடுங்கள். நாரைத் தின்றால் குடல் அடைக்கும். கைப்பிடி எடுத்து இறுக்கினால் தண்ணீர் சொட்டக் கூடாது, கை விரித்தால் தூசி பறக்கவும் கூடாது. மழையில் குவித்து வைத்துக் காளான் பூத்ததை லாயத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தை, நாளுக்கு மூன்று முறையாவது எடுக்க வேண்டும். ஈரப்பட்ட திட்டைக் காலையில் தட்டை ஷவலால் அடிவரை வாரிவிட்டு, குறைந்ததைச் சுவரோரத்திலிருந்து இழுத்து நிரப்பினால் போதும். முழுவதையும் கலைத்துக் கிளறினால் ஈரம் எங்கும் பரவும். மேட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூக்கி அடியைக் கழுவி, இரண்டு பக்கமும் காய்ந்த பிறகே திரும்பப் போட வேண்டும். ஈரத்திலேயே நிற்கும் குளம்பின் அடியில், முக்கோணமான மெத்தைப் பகுதி கறுத்து அழுகி நாறும். லாடம் அடிக்க வருபவர் அதைச் சொல்லும்போது குளம்பைப் பழிக்காமல் லாயத்தைப் பார்க்க வேண்டும்.

நாற்றத்துக்குச் சுண்ணாம்பு தூவும் பழக்கம் பரவலாக உண்டு. அது எதிர்விளைவே தரும். காரம் ஏற ஏற, ஈரத்தில் கரைந்து கிடக்கும் அம்மோனியா வாயுவாக வெளியேறும், தோலும் வெந்துபோகும். பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம்: மூத்திரத்தோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். தண்ணீரும் வெயிலும் போதும்.

வாரிய நார்க்கழிவை வீணாக்க வேண்டியதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து மட்க வைக்கச் சொல்கிறது. லாயத்தில் வாரியதில் தழைச்சத்து ஏற்கெனவே ஊறியிருப்பதால் யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆடிச் சந்தையில் மேட் விற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கால்நடைப் பராமரிப்புத் துறை இரண்டு லாயங்களை அமைத்துக் காட்டலாம். ஒன்றில் வெறும் மேட், மற்றொன்றில் மேட் மேல் மூன்று அங்குல நார்க்கழிவு; இரண்டிலும் இரவு முழுக்கக் குதிரை நிற்கட்டும். காலையில் வாங்க வருகிறவர்கள் இரண்டிலும் முழங்கால் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்துப் பார்த்துவிட்டு விலை பேசட்டும்.

இப்படிக்கு,
குதிரை பராமரிப்பாளர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்